கடல் இல்லாத அரக்கோணத்தில் கடற்படை விமானத் தளம்: ஊர் எதைக் கேட்க வேண்டும்?

ரயில்வே குடியிருப்பு எழுதியது:

அரக்கோணம் ரயிலால் உண்டான ஊர். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கியபோது அந்தப் பாதை நம் ஊர் வழியாகத்தான் போனது. பிறகு ரேணிகுண்டா பக்கமும் செங்கல்பட்டுப் பக்கமும் பாதைகள் பிரிய, சந்திப்பு, ஒர்க் ஷாப், லோகோ ஷெட், ஊழியர் குடியிருப்பு என்று ஊர் பெருகியது. ஆனால் இன்று வீட்டை எவ்வளவு உயரம் கட்டலாம், குப்பையை எங்கே கொட்டலாம், கல்யாணத்தில் டிரோன் பறக்கலாமா என்பவற்றைத் தீர்மானிப்பதில் ரயில்வேயைவிடப் பெரிய பங்கு ஊரை ஒட்டியுள்ள கடற்படை விமானத் தளமான ஐ.என்.எஸ். ராஜாளிக்கு இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரின்போது 1942-இல் அமைக்கப்பட்ட ஓடுதளம், போர் முடிந்தபின் பல பத்தாண்டுகள் பயனின்றிக் கிடந்து, 1980-களில் கடற்படையின் கைக்கு வந்தது. 1992 மார்ச் 11 அன்று அன்றைய குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் தளத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். நான்கு கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள அதன் ஓடுதளம் நாட்டின் மிக நீளமான ஓடுதளங்களில் ஒன்று.

சென்னைக்கு இரண்டாவதாகப் பரந்தூரில் விமான நிலையம் என்ற அறிவிப்பு 2022-இல் வந்ததிலிருந்து, தேர்தல் மேடையிலும் டீக்கடையிலும் ஒரே பேச்சாக இருக்கிறது: ‘இவ்வளவு பெரிய ஓடுதளம் சும்மா இருக்கிறதே, ராஜாளியிலேயே பயணிகள் விமானம் விட்டால் என்ன?’ ஓடுதளம் சும்மா இல்லை என்பது ஒரு புறம் இருக்கட்டும். இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டிருப்பதால், தளத்துக்குப் பக்கத்தில் வாழும் ஊர் என்ற முறையில் நியாயமாகக் கேட்டுப் பெறக்கூடியவற்றை நாம் கேட்காமலே விட்டுவிடுகிறோம் என்பது என் கருத்து. மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை அறிய விரும்புகிறேன்.

காட்பாடி வாசகர் எழுதியது:

ஐயா, மாற்றுக் கருத்தைச் சொல்ல அனுமதியுங்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் நோயாளிகள் அன்றாடம் வருகிறார்கள். கொல்கத்தாவிலிருந்து ஒரு முழு நாளுக்கு மேல் ரயிலில் படுத்தபடியே வந்து காட்பாடியில் இறக்கப்படும் முதியவர்களைப் பார்க்கிறவன் நான். வேலூரை அடுத்த அப்துல்லாபுரம் விமான நிலையம், சிறு நகரங்களுக்கு விமானச் சேவை தரும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் சேர்க்கப்பட்டும் அங்கே இருப்பது சிறு விமானங்களுக்கான ஓடுதளம் மட்டுமே. பெரிய விமானம் இறங்கும் ஓடுதளம் பக்கத்திலேயே அரக்கோணத்தில் இருக்கும்போது, பழைய வட ஆர்க்காடு மாவட்டத்து மக்கள் அதைக் கேட்பதில் என்ன தவறு?

அது நடைமுறையில் முடியும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் மூடப்பட்டபோது, ராஜாளியிலிருந்துதான் பயணிகள் விமானங்கள் இயக்கப்பட்டன; நிவாரணப் பொருட்களை ஏற்றிவந்த விமானப் படையின் பெரிய விமானங்களும் அங்கேயே இறங்கின. ஆபத்து நேரத்தில் திறந்த கதவைச் சாதாரண நாளிலும் ஓரளவு திறக்கலாம் அல்லவா?

முன்னாள் கடற்படையினர் எழுதியது:

காட்பாடி நண்பரின் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. நோயாளிகளைப் பற்றி அவர் எழுதியதை மறுக்க முடியாது. ஆனாலும் தளம் எதற்காக இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு பேசுவது நல்லது. பொது வெளியில் உள்ள செய்திகளை மட்டுமே வைத்து எழுதுகிறேன்.

கடல் இல்லாத ஊரில் கடற்படை எதற்கு என்று பலரும் கேட்கிறார்கள். இங்கிருந்து கிளம்புபவை கடலை மணிக்கணக்கில் ரோந்து சுற்றி, நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் நீண்டதூர விமானங்கள். அவற்றுக்குக் கரையோரத்தில் இடம் தேவையில்லை; நீளமான ஓடுதளமும் சுற்றிலும் திறந்த வெளியும்தான் தேவை. அரக்கோணத்திலிருந்து வங்கக் கடலை அடைய அவற்றுக்குச் சில நிமிடங்கள் போதும். 1988-இல் சோவியத் ஒன்றியத்திலிருந்து வாங்கப்பட்ட எட்டு டி.யு.-142 விமானங்கள் முதலில் கோவாவில் இருந்தன. 1992-இல் ராஜாளிக்கு வந்தன. சுமார் 50 மீட்டர் இறக்கை அகலமும், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுழலும் இரட்டை விசிறிகள் கொண்ட நான்கு இன்ஜின்களும் உடைய அந்த விமானம் எரிபொருளை நிரப்பிக்கொண்டு எழும்ப எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். 2013 மே மாதம் முதல் அதே வேலைக்கான புதிய பி-8ஐ விமானங்கள் வரத் தொடங்கின. 2017 மார்ச் 29 அன்று டி.யு.-142 ஓய்வு பெற்றது. ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளியும் இங்கே இருக்கிறது. 2020-இல் குத்தகைக்கு எடுக்கப்பட்ட ஆளில்லா விமானங்களும் இங்கிருந்தே பறக்கின்றன. நாள் முழுவதும் பயிற்சி விமானி ஒருவர் ஹெலிகாப்டரை இறக்கி ஏற்றிக்கொண்டிருக்கும் இடத்தில் பயணிகள் விமானத்துக்கு நேரம் ஒதுக்குவது எளிதன்று.

பயணிகள் விமானத்துடன் பங்கிட்டுக்கொண்ட கடற்படைத் தளங்கள் இல்லாமல் இல்லை. கோவாவின் டபோலிம் அப்படிப்பட்டது, விசாகப்பட்டினமும் அப்படித்தான். டபோலிமில் படை விமானங்களின் பயிற்சிக்காகக் காலை நேரத்தில் பயணிகள் விமானங்களுக்குக் கட்டுப்பாடு இருந்தது. வளர இடமில்லாமல் போனதால் கோவாவிலேயே மோபாவில் புதிய விமான நிலையம் கட்டினார்கள்; 2023 ஜனவரியில் அங்கே விமானச் சேவை தொடங்கியது. விசாகப்பட்டினத்துக்கும் போகாபுரம் என்ற புதிய இடத்தைத் தேட வேண்டி வந்தது. அந்த இரண்டு ஊர்களிலும் நடந்ததைப் பார்த்த பிறகும் அதே ஏற்பாட்டை இங்கே புதிதாகத் தொடங்குவது விவேகமாக எனக்குத் தோன்றவில்லை.

மோசூர் விவசாயி எழுதியது:

விமானம் வரட்டும், வராமல் போகட்டும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேலை உண்டா என்பதுதான் கேள்வி. மதிலுக்கு உள்ளே இருப்பவர்கள் ஹரியானா, ஒடிசா, கேரளம் என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். எங்கள் ஆட்கள் ஒப்பந்தக்காரரிடம் புல் வெட்டவும் வண்ணம் பூசவும் போகிறார்கள். ஆடு மாடு மேய்த்த வெளி மதிலுக்குள் போனதை என் தகப்பனார் காலம் முடியும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

முன்னாள் கடற்படையினர் எழுதியது:

மோசூர் ஐயா, படையில் பணியிடம் என்பது நாடு முழுவதற்கும் பொது. நம் வட்டாரத்துக் கம்மவான்பேட்டையிலிருந்து ராணுவத்தில் சேர்ந்த பிள்ளைகள் காஷ்மீரிலும் அசாமிலும் காவல் நிற்பதைப் போலத்தான் ஒடிசாப் பையன் இங்கே வருகிறான். சிவில் பணியிடங்களுக்கும் அகில இந்தியத் தேர்வுதான். ஆனால் அந்த அறிவிப்புகள் நம் கிராமங்களை வந்து சேர்வதில்லை என்பது உண்மை. ஐ.டி.ஐ. படித்த பிள்ளைகளுக்கு அந்தத் தேர்வுகளுக்கு வழிகாட்ட ஊரில் யாரும் இல்லை. அதை நம்மைப் போன்ற ஓய்வுபெற்றவர்கள் செய்யலாம். நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

பள்ளி ஆசிரியை எழுதியது:

சத்தத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. டி.யு.-142 பறந்த காலத்தில் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது, முதலில் ஜன்னல் கண்ணாடி அதிரும். பிறகுதான் காதுக்குச் சத்தம் வரும். பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிட்டு, சத்தம் கடந்து போகும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். யாரும் அவர்களுக்கு அப்படிச் சொல்லித் தரவில்லை. பி-8ஐ வந்தபின் அந்த அதிர்வு பெருமளவு குறைந்தது. ஹெலிகாப்டர் சத்தம் வேறு வகை. உயரம் குறைவு, ஒரே வட்டத்தில் திரும்பத் திரும்ப வரும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வு நடக்கும் காலை நேரங்களில் மட்டுமாவது பள்ளிகளின் மேலே வட்டமடிப்பதைத் தவிர்க்க முடியுமா என்று தலைமையாசிரியர்கள் கூட்டாக ஒரு கடிதம் எழுதினால் என்ன என்று பல முறை நினைத்திருக்கிறேன்.

அதே நேரத்தில் இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. 2024 ஜூன் 7 அன்று ராஜாளியில் நடந்த பயிற்சி நிறைவு அணிவகுப்பில் சப் லெப்டினென்ட் அனாமிகா பி. ராஜீவ் கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானியாகத் தேர்ச்சி பெற்றார். அந்தச் செய்தித்தாள் பக்கத்தை நான் வகுப்பறைச் சுவரில் ஒட்டினேன். ‘டீச்சர், இது நம்ம ஊர்லயா நடந்தது?’ என்று கேட்ட மாணவிகள் பலர். தலைக்கு மேலே தினமும் பறப்பது என்ன, அதை ஓட்டுபவர் யார் என்பது இந்த ஊரின் பிள்ளைகளுக்கே தெரியாமல் இருப்பது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. ஓய்வுபெற்ற டி.யு.-142 ஒன்றை விசாகப்பட்டினக் கடற்கரையில் அருங்காட்சியகமாக வைத்து, மக்கள் சீட்டு வாங்கி உள்ளே ஏறிப் பார்க்கிறார்கள். கால் நூற்றாண்டு காலம் அதன் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த அரக்கோணத்துப் பிள்ளைகள் அதைப் பார்க்க வேண்டுமானால் ஆந்திரத்துக்குப் போக வேண்டும்.

கட்டடப் பொறியாளர் எழுதியது:

இந்த இழை தொடங்கிய ஐயா கேட்டதற்கு என் தொழிலிலிருந்து ஒரு பதில். ஊரில் அதிகக் குழப்பமும் வீண் செலவும் உயரக் கட்டுப்பாட்டினால்தான். பெரும்பாலோர் ‘நேவி பேஸ் பக்கத்தில் மாடி கட்ட விடமாட்டார்கள்’ என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள். உண்மை அப்படி இல்லை.

இங்கே இரண்டு தனித்தனிச் சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று விமானப் பாதுகாப்பு. ஓடுதளத்தின் இரு முனைகளுக்கும் நேரே, விமானம் இறங்கி ஏறும் திசையில் விரிந்துகொண்டே போகும் ஒரு சரிவு கணக்கிடப்படுகிறது. பெரிய ஓடுதளங்களுக்கான சர்வதேச அளவுகோலின்படி அந்தச் சரிவு ஓடுதள முனையிலிருந்து 60 மீட்டர் தள்ளித் தொடங்கி, ஐம்பது மீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் உயர்கிறது. அதாவது சரிவு தொடங்கும் இடத்திலிருந்து 600 மீட்டர் தொலைவில் உங்கள் மனை இருந்தால், ஓடுதள முனையின் மட்டத்திலிருந்து 12 மீட்டருக்கு மேல் எதுவும் எழும்பக் கூடாது. மனை அந்த மட்டத்தைவிட 2 மீட்டர் மேடாக இருந்தால் உங்களுக்கு மிஞ்சுவது 10 மீட்டர். ஓடுதளத்துக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில் தள்ளி இருக்கும் தெருக்களுக்கு இந்தக் கெடுபிடி இல்லை. நான்கு கிலோமீட்டர் சுற்றளவில் பொதுவான வரம்பு 45 மீட்டர். சாதாரண வீடு எதுவும் அதைத் தொடப்போவதில்லை.

என்னிடம் வருகிறவர்கள் கணக்கில் விட்டுவிடுவது மாடிப்படிக் கொட்டகையையும் தண்ணீர்த் தொட்டியையும்தான். தரைத்தளமும் இரண்டு மாடியும் அடித்தளத்தோடு சேர்த்துப் பத்து மீட்டருக்குள் நிற்கும். அதன்மேல் படிக்கட்டு மூடுவதற்கு இரண்டரை மீட்டர், அதற்கும் மேல் கறுப்பு நிறச் சின்டெக்ஸ் தொட்டி ஒன்றரை மீட்டர் என்று வைத்தால் பதினான்கு மீட்டர் ஆகிவிடுகிறது. வரைபடத்தில் வீட்டு உயரம் பத்து என்று எழுதி, தொட்டியைக் காட்டாமல் விடுகிறார்கள். அந்த மனு திரும்பி வருகிறது. தொட்டியைப் பின்பக்கத் தாழ்வான கூரையில் வைத்துவிட்டால் தீர்ந்துவிடக்கூடிய ஒன்றுக்காக, என் வாடிக்கையாளர் ஒருவர் ஓர் அலுவலகத்துக்கும் இன்னோர் அலுவலகத்துக்கும் இடையே அலைந்து, வீட்டுக் கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டே மழைக்காலம் முழுவதும் வாடகை வீட்டில் இருந்தார். எந்த அலுவலகம் என்பது இங்கே முக்கியமில்லை. முதல் நாளே யாராவது காரணத்தைச் சொல்லியிருந்தால் அவர் அலைந்திருக்க வேண்டியதில்லை. தென்னை மரமும் கைப்பேசிக் கோபுரமும்கூட இந்தக் கணக்கில் அடங்கும்.

இரண்டாவது சங்கதி, தளத்தின் பாதுகாப்பு. 1903-ஆம் ஆண்டின் பாதுகாப்புப் பணிகள் சட்டப்படி அரசிதழில் அறிவித்து ஒரு நிலத்தில் கட்டடத்தைத் தடுத்தால், நில உரிமையாளருக்கு இழப்பீடு தர வேண்டும். ஆனால் பாதுகாப்பு அமைச்சகம் 2011-இல் வெளியிட்டு 2016-இல் திருத்திய வழிகாட்டுதல்கள் வெறும் சுற்றறிக்கைகளே. அவற்றில் இழப்பீட்டுக்கு இடமில்லை. உங்கள் மனைக்கு எந்தக் கட்டுப்பாடு பொருந்துகிறது என்பது எழுத்தில் தெரியாதவரை, இழப்பீடு கேட்கலாமா என்பதும் தெரியாது. வார்டு வாரியாக, தெரு வாரியாக, ‘இந்த இடத்தில் கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் வரை தடையில்லை’ என்று வண்ணமிட்ட வரைபடம் ஒன்றை நகராட்சிச் சுவரில் ஒட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும். பயணிகள் விமான நிலையங்கள் பலவற்றுக்கு அப்படிப்பட்ட வண்ண வரைபடங்கள் ஏற்கெனவே உண்டு.

காட்பாடி வாசகர் எழுதியது:

பொறியாளர் ஐயா எழுதிய தொட்டிக் கணக்கைப் படித்தபின், கூடவே வாழும் ஊரின் சிக்கல் எனக்கு முன்பைவிட நன்றாகப் புரிகிறது. டபோலிம் உதாரணமும் வலுவானதுதான். இருந்தாலும் அவசரகால நோயாளிகளை ஏற்றிவரும் ஆம்புலன்ஸ் விமானங்களுக்காவது முன் அனுமதியுடன் ஒரு நிரந்தர ஏற்பாடு வேண்டும் என்ற என் கோரிக்கையை நான் கைவிடவில்லை.

பழனிப்பேட்டை வியாபாரி எழுதியது:

குப்பையைப் பற்றிச் சொல்கிறேன். என் கடை இறைச்சிக் கடை. 1937-ஆம் ஆண்டின் விமான விதிகளில் 91-ஆவது விதி, விமான தளத்திலிருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவில் பறவைகளை ஈர்க்கும் வகையில் கால்நடைகளை அறுப்பதையும் தோலுரிப்பதையும் குப்பை கொட்டுவதையும் தடை செய்கிறது. அரக்கோணம் நகரம் முழுவதும் அந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறது. ஒரு பருந்து இன்ஜினுக்குள் போனால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். அதில் இருப்பவர்களின் உயிர் எங்களுக்கும் பெரிதுதான்.

ஆனால் கட்டுப்பாடு வருகிறபோது முதலில் கடைக்காரனைத்தான் தேடி வருகிறார்கள். ஆட்டுக் குடலையும் கோழி இறகையும் மாலையில் மூடிய வண்டியில் வந்து எடுத்துக்கொண்டு போனால், நாங்கள் எதற்குச் சாக்கில் கட்டி ஏரிக்கரைக்கு அனுப்பப் போகிறோம்? மூடிய அறுவைக்கூடமும் தினசரி கழிவு வண்டியும் கேட்டு நாங்கள் சில கடைக்காரர்கள் மனுக் கொடுத்தோம். பாதுகாப்புக் காரணத்தைச் சொல்லி எங்களைத் தடுப்பவர்கள், அதே காரணத்தைச் சொல்லி எங்களுக்கு வசதி கேட்டுத் தரவும் வேண்டும் அல்லவா? ராஜாளி நிர்வாகமும் நகராட்சியும் ஒன்றாக உட்கார்ந்து பேசினால் இது பெரிய செலவுள்ள வேலையும் இல்லை.

வின்டர்பேட்டை மாணவர் எழுதியது:

பெரியவர்கள் எல்லோருக்கும் வணக்கம். என் அண்ணன் கல்யாணப் புகைப்படக்காரர். வெளியூர் வாடிக்கையாளர்கள் டிரோன் படம் கேட்கிறார்கள். தளத்தின் சுற்றுமதிலிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் பறக்கவிடக் கூடாது என்று கடற்படை அறிவித்திருப்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. ஊரின் திருமண மண்டபங்கள் சில அதற்குள் வருகின்றன. மண்டப வாசலில் ஓர் அறிவிப்புப் பலகை இருந்தால் எங்களுக்கும் சண்டை இல்லை, அவர்களுக்கும் தொல்லை இல்லை.

நான் எழுத வந்தது வேறு. பொறியாளர் ஐயா சொன்ன வரைபடத்தைக் கேட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ராஜாளிக்கே ஒரு மனு அனுப்பலாம் என்று நண்பர்கள் சேர்ந்து எழுதியிருக்கிறோம். தளத்தைச் சுற்றி எந்தெந்த இடத்தில் என்னென்ன கட்டுப்பாடு, தளத்தின் எல்லை எதுவரை, ஒரு நாளைக்கு எத்தனை விமானங்கள் என்று பன்னிரண்டு கேள்விகள். அனுப்பலாமா?

ரயில்வே குடியிருப்பு எழுதியது:

தம்பி, முயற்சிக்கு வாழ்த்துகள். ஆனால் அந்த மனுவை அப்படியே அனுப்ப வேண்டாம். நாட்டின் பாதுகாப்பைப் பாதிக்கும் தகவலைத் தர வேண்டியதில்லை என்று அந்தச் சட்டத்தின் 8(1)(அ) பிரிவே சொல்கிறது. எல்லையையும் விமானங்களின் எண்ணிக்கையையும் கேட்டால் மற்ற நியாயமான கேள்விகளும் அவற்றோடு சேர்ந்து நிராகரிக்கப்படும். அவற்றை நாம் கேட்கவும் கூடாது. தக்கோலத்தில் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையின் பயிற்சி மையமும், வெள்ளம் வந்தால் படகோடு ஓடிவரும் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியனும், பக்கத்தில் ராஜாளியும் இருக்கும் இந்த வட்டாரத்தில், பாதுகாப்பு என்பது வெறும் சாக்கு அன்று என்பதை நாம் மதித்தே பேச வேண்டும்.

மனுவை நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் கட்டட அனுமதி கேட்டு வந்த மனுக்களில் எத்தனை, தடையின்மைச் சான்றுக்காகத் தளத்துக்கு அனுப்பப்பட்டன. அவை அனுப்பப்பட்ட தேதி எது, பதில் வந்த தேதி எது. திருப்பி அனுப்பப்பட்டவற்றுக்கு எழுத்தில் தரப்பட்ட காரணம் என்ன. இறைச்சிக் கழிவு அகற்ற நகராட்சியிடம் உள்ள வண்டிகள் எத்தனை, அவை எந்த நேரத்தில் எந்தத் தெருவுக்குப் போகின்றன. இவற்றில் எதுவும் ராணுவ ரகசியம் இல்லை. எல்லாமே நகராட்சியின் கோப்புகளில் இருக்க வேண்டியவை. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டுங்கள். முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். கேள்வி வேறு அலுவலகத்துக்கு உரியது என்றால், 6(3) பிரிவின்படி ஐந்து நாட்களுக்குள் அவர்களே அதை அங்கே அனுப்ப வேண்டும். நீங்கள் அலைய வேண்டியதில்லை.

பதில் வந்ததும் தேதிகளை மட்டும் ஒரு பட்டியலாக இங்கே இடுங்கள். மனுதாரர்களின் பெயரும் முகவரியும் வேண்டாம். பொறியாளர் ஐயா அந்தப் பட்டியலைப் பார்த்து, எங்கே தாமதம் ஏற்படுகிறது என்று சொல்வார். அதை வைத்துத்தான் நகர்மன்றத் தலைவரிடமும், அவர் வழியாகத் தளத்தின் அதிகாரிகளிடமும் வரைபடத்தைக் கேட்க வேண்டும். ஆசிரியை அம்மா சொன்ன தேர்வு நேரக் கடிதத்தை அதோடு கலக்க வேண்டாம். அது தலைமையாசிரியர்கள் கையெழுத்தோடு, தேர்வு அட்டவணையை இணைத்து, தனியாகப் போகட்டும்.

பள்ளி ஆசிரியை எழுதியது:

நன்றி ஐயா. தேர்வு அட்டவணை வந்ததும் கடிதத்தின் வரைவை இந்த இழையிலேயே இடுகிறேன். நகரத்துக்குள் உள்ள மற்றப் பள்ளிகளின் ஆசிரியர்கள் யாராவது இங்கே இருந்தால், ஹெலிகாப்டர் வட்டமடிக்கும் நேரத்தைத் தங்கள் பள்ளியிலும் இப்போதிருந்தே குறித்து வையுங்கள்.